காரைக்குடி ஷட்டில் அரங்கு: ஒற்றையர் ஆடும் பெண்பிள்ளையை அனுப்பலாமா?

மாலை ஏழு மணிக்கு நான்கு பேராகச் சேர்ந்து, வியர்வை சொட்ட ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்த உள்ளரங்கில் குறையே தெரியாது. இணையத்தில் இதற்கு விழுந்திருக்கும் ஐந்து நட்சத்திரங்களில் முக்கால்வாசி அவர்கள் கொடுத்தவையாகத்தான் இருக்கும். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் பெண்கள் ஒற்றையர்தான் ஆடுவேன் என்று அடம்பிடிக்கும் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். கட்டடத்தின் யோக்கியதை ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. கல்லூரிக் காலத்தில் பூப்பந்து ஆடியவள். மஞ்சள் கம்பளிப் பந்து, அணிக்கு ஐந்து பேர், திறந்தவெளி. ஆடிக் காற்று அடித்தால் மட்டையைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார வேண்டியதுதான். பேத்தி எட்டாம் வகுப்பு. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், கோட்டையூரிலிருந்து விடியற்காலையில் அவளை ஸ்கூட்டரில் ஏற்றி வருவது என் பொறுப்பு. பயிற்சி முடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா உட்காரத் தெரியாத ஆசிரியைக்கு அங்கே கணக்கெடுக்க நிறைய இருந்தது. அரங்கின் பெயரைப் போடவில்லை. குறைகளை உரிமையாளரிடமே சொல்லிவிட்டேன். "சரி ஆச்சி, பார்க்கிறேன் ஆச்சி" என்று கேட்டுக்கொண்டார், சிலவற்றைச் சரிசெய்தும்விட்டார். பழைய நெல் கிட்டங்கியை மாற்றிக் கட்டிய இடம் என்றால் ஊர்க்காரர்களுக்குப் புரியும்.

மொத்தம் மூன்று களங்கள். முதல் இரண்டும் பழைய கிட்டங்கிக்குள். மூன்றாவது, பின்பக்கம் பிறகு சேர்த்த தகரக் கொட்டகையில். சிங்கப்பூரில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பிய உரிமையாளர், முதல் இரண்டுக்கும் மனமாரச் செலவழித்திருக்கிறார். சிமெண்டுத் தரைக்கு மேல் மரக்கட்டைகளைக் குறுக்கே பரப்பி, அதன்மேல் பிளைவுட் அறைந்து, அதன்மேல் பச்சை விரிப்பு. கட்டைகள் இடித்த வீடொன்றிலிருந்து வாங்கியவை என்று பெருமையாகச் சொன்னார். எந்த ஆயா வீட்டு வளவில் உத்தரமாகக் கிடந்த தேக்கோ, இப்போது பிள்ளைகள் குதிக்கிற அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு கிடக்கிறது. நம் ஊர் வீடுகள் இடிபடுவதில் எனக்குச் சந்தோஷமில்லை. ஆனாலும் பழம்பொருள் கடை வாசலில் விலைச்சீட்டோடு சாய்ந்து நிற்பதற்கு இது மேல்.

இந்த இரண்டு களங்களின் வில்லங்கம் தலைக்கு மேலே இருக்கிறது. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் களத்துக்குக் குறுக்கே ஓடுகின்றன. என் மகன் அளந்து பார்த்தபோது 6.8 மீட்டர் வந்தது. நெல் மூட்டை அடுக்க அது தாராளம். உலக பாட்மிண்டன் சம்மேளனம் பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு 12 மீட்டர் கேட்கிறது. காரைக்குடியில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. 9 மீட்டர் கிடைத்தாலே கும்பிடு போடுவேன். மாலையில் இரட்டையர் ஆடும் ஆண்கள் சர்வீஸை வலையை உரசுகிற மாதிரித் தாழ்வாகப் போடுகிறார்கள், அடுத்தடுத்த அடிகளும் தட்டையாகவே பறக்கின்றன. மேலே சட்டம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பெண்கள் ஒற்றையரில் உயரமான சர்வீஸுக்கு இன்னும் மரியாதை உண்டு. ஷட்டிலை மேலே அனுப்பி, எதிராளியின் பின்கோட்டில் செங்குத்தாக இறங்க வைக்க வேண்டும். நெருக்கடியில் மாட்டிக்கொண்டால், உயரத் தூக்கிப் போட்டுவிட்டு நடுக்களத்துக்குத் திரும்ப அவகாசம் தேடுவதும் அதே வழியில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தென்கொரியாவின் ஆன் சே யங் ஆடுவதைப் பாருங்கள். தரையைத் தொடப்போகும் ஷட்டிலைத் தோண்டியெடுத்து மேலே தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நடுவில் வந்து நிற்பார். அவரே இங்கே வந்து ஆடினாலும் பாதி ஷட்டில் இரும்பில் மோதித்தான் விழும்.

விதிப்படி, கூரையில் பட்டால் அடித்தவருக்குப் புள்ளி போய்விடும். கட்டட அமைப்பைப் பொறுத்து உள்ளூரில் வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும் இடம் இருக்கிறது. இங்கே உள்ளூர் ஏற்பாடு, "பரவாயில்லை, திரும்பப் போடு" என்பது. நல்ல மனசுதான், ஆனால் பிள்ளைகளைக் கெடுக்கிறது. மேலே இருக்கும் இரும்புச் சட்டத்துக்குப் பயந்து பயந்து என் பேத்தியின் சர்வீஸ் அவளுக்கே தெரியாமல் தாழ்ந்துவிட்டது. மாவட்டப் போட்டிக்குப் போனபோது, உயரக் கூரையின் கீழே பழகிவந்த ஒரு பெண், அந்த அரைகுறை உயரத்து சர்வீஸ் ஒவ்வொன்றையும் வரவேற்று அடித்துத் தள்ளினாள்.

சரி, உயரத்துக்காக மூன்றாம் களத்துக்குப் போகலாம் என்றால், அங்கே கூரை போதுமான உயரம், தரைதான் ஆபத்து. கையில் பணம் தீர்ந்த நேரத்தில் கட்டியிருப்பார் போலிருக்கிறது. சிமெண்டின் மேல் நேராக விரிப்பை விரித்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே வித்தியாசம் தெரியும். முதல் களத்தில் காலடி 'தொம்' என்று விழுகிறது, இங்கே 'சட்' என்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒற்றையர் களம் இரட்டையர் களத்தைவிடக் குறுகல்: அகலம் 6.10 மீட்டருக்குப் பதில் 5.18. நீளத்தில் சலுகை கிடையாது, அதே 13.40. வலைக்கு இந்தப் பக்கத்துப் பாதி முழுவதையும் ஒருத்தியே காக்க வேண்டும். முன்வலைக்குத் தாவிக் காலை ஊன்றி, அங்கிருந்து பின்கோட்டுக்கு ஓடி, குதித்து அடித்து, மறுபடியும் முன்னால். மட்டை பிடிக்கும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து முழங்கால்தான் முன்தாவலின் பாரத்தை வாங்குகிறது. 2017-இல் கிளாஸ்கோவில் நம் பி.வி. சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் ஆடிய உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் 110 நிமிடம் நீடித்தது. இரண்டாவது கேமை முடித்த அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் 73 அடிகள். அதை வென்ற சிந்து, மூன்றாவது கேமில் 20-22 என்று தோற்றார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பெண்களும் நின்ற நிலையைப் பார்த்தபோது எனக்குக் கோப்பை யாருக்குப் போனது என்பதே மறந்துவிட்டது.

பெண்கள் ஒற்றையர் வரலாற்றை முழங்கால்களை வைத்தே எழுதிவிடலாம். 2012 லண்டனில் சாய்னா நேவால் இந்தியாவுக்கு பாட்மிண்டனில் முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தாரே, அந்த வெண்கல ஆட்டத்தில் முதல் கேமை வென்றவர் சீனாவின் வாங் சின். முழங்காலில் அடிபட்டு, இரண்டாவது கேமின் தொடக்கத்திலேயே விலகினார். 2019 ஜனவரியில் இந்தோனேசிய மாஸ்டர்ஸ் இறுதியில் ஸ்பெயினின் கரோலினா மரின் 10-4 என்று முன்னிலையில் இருந்தார். வலது முழங்காலின் தசைநார் கிழிந்து வெளியேற, பட்டம் எதிரே நின்ற சாய்னாவுக்குப் போனது. 2021-இல், டோக்கியோ ஒலிம்பிக்குக்குக் கொஞ்ச நாள் முன்பு, மரினுக்கு இடது முழங்கால். பாரிஸ் அரையிறுதியில் சீனாவின் ஹே பிங்ஜியாவோவுக்கு எதிராக முதல் கேமை வென்று இரண்டாவதிலும் முந்திக்கொண்டிருந்தபோது மறுபடியும் வலது. இறுதியில் வெள்ளி வாங்கிய ஹே பிங்ஜியாவோ, பரிசு மேடையில் மரினுக்காக ஸ்பெயின் நாட்டுச் சின்னம் ஒன்றைக் கையில் பிடித்து நின்றார். ஆன் சே யங்கும் தப்பவில்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் முழங்காலில் அடிபட்ட பிறகும் ஆடித் தங்கம் வாங்கினார். பாரிஸில் வென்ற கையோடு, தன் காயத்தைத் தன் நாட்டுச் சங்கம் சரியாகக் கவனிக்கவில்லை என்று வெளிப்படையாகக் குறைசொன்னார். எதிராளிகளின் முழங்கால் விலகிய வழியில் இரண்டு முறை மேடையேறிய சாய்னாவையும் அது விட்டுவைக்கவில்லை. 2016 ரியோவுக்குப் பிறகு அறுவைச் சிகிச்சை. 2024-இல், 34 வயதில், மூட்டுவாதம் வந்திருப்பதைத் தாமே சொன்னார்.

இவர்கள் எல்லாரும் நல்ல மரத்தளத்தில், கூடவே ஒரு பிசியோ நிற்க, ஆடியவர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையைச் சிமெண்டில் தாவச் சொன்னால் எனக்குக் கோபம் வராதா? பயிற்சியாளர் தம்பி, "நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள் ஆச்சி, சரியாகிவிடும்" என்றார். விலையுயர்ந்த ஷூவே வாங்கினோம். ஷூ தேவைதான், ஆனால் தரை வாங்க வேண்டிய அடியை அது முழுவதும் வாங்காது.

பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான், உங்கள் வீட்டிலும் ஒற்றையர் பிள்ளை இருந்தால் அப்படியே கேட்டு வாங்குங்கள். நின்ற இடத்தில் செய்கிற வேலை எல்லாம் மூன்றாம் களத்தில்: உயர சர்வீஸ், பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்குத் தூக்கி அடிப்பது. கால் வேலை, தாவல், முழு ஆட்டம் எல்லாம் முதல் இரண்டில். தம்பி முதலில் முகத்தைச் சுளித்தார், நடுவில் பிள்ளைகளை இடம் மாற்றுவது அவருக்குச் சிரமம். இப்போது எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் அதே முறையைத்தான் வைத்திருக்கிறார்.

வெளிச்சம் நன்று. விளக்குகளைப் பக்கவாட்டில் மாட்டியிருக்கிறார்கள், அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசவில்லை. சித்திரை, வைகாசியில் பகல் பத்து மணிக்கு மேல் உள்ளே நுழையவே வேண்டாம். மின்விசிறி போட்டால் ஷட்டில் அலைகிறது, போடாவிட்டால் நாம் அலைகிறோம். முதல் களத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இழுகதவை மூடச் சொல்லுங்கள், கேட்டால் மூடுவார்கள்.

நேர ஒதுக்கீடுதான் அடுத்த பெரிய குறை. மாலை 6 முதல் 9 வரை மூன்று களங்களும் சந்தா கட்டிய இரட்டையர் குழுக்களுக்கு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு களத்தில் ஆறு பேர், சில நாள் எட்டுப் பேர். களத்தை நீளவாக்கில் பிளந்து அரைக் களத்தில் ஆட விடுகிறார்கள். தொடக்கத்தில் அது நல்ல பயிற்சிதான். நேர்க்கோட்டில் அடிக்கக் கை பழகும். ஆனால் ஒற்றையர் என்பதே ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு எதிராளியை இழுத்துவிடுகிற ஆட்டம். அரைக் களத்தில் எதிர்மூலைக்கு எங்கே போவது? முழுக் களம் வேண்டுமென்றால் காலை 5.30 முதல் 7 வரை மட்டுமே கிடைக்கும். தேவகோட்டையிலிருந்து ஒரு பெண் அதற்காக முதல் பஸ் பிடித்து வருகிறாள், அவளுடைய அப்பா நிறுத்தத்தில் இறங்கியதும் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். சிந்து சிறுமியாக இருந்தபோது பயிற்சிக்காகத் தினமும் 56 கிலோமீட்டர் பயணம் செய்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அவருடைய பெற்றோர் இருவரும் வாலிபால் ஆடியவர்கள், அந்த வீட்டுக்கு அலைச்சல் புதிதில்லை. நம் வீடுகளில் "பெண்பிள்ளையை இருட்டில் எங்கே கூட்டிப் போகிறீர்கள்" என்று எதிர்வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

பெற்றோரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர்களும் அந்த அரங்கின் ஒரு பகுதிதான். ஒரு தந்தை ஒவ்வோர் அடிக்கும் "அடி, அடித்து நொறுக்கு" என்று கத்துகிறார். சேர்த்து ஆறு மாதம் ஆகவில்லை, மாநிலப் போட்டி எப்போது என்று தம்பியை நச்சரிக்கிறார். சிந்துவின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் பதக்கம் 2013-இல், வெண்கலம். 2014-இல் மறுபடி வெண்கலம். 2017, 2018 இரண்டிலும் வெள்ளி. தங்கம் 2019-இல், பேசல் நகரத்தில், அதே ஒகுஹாராவை 21-7, 21-7 என்று வென்று. நடுவில் ரியோவில் மரினிடம் தோற்று வெள்ளி. இதை அந்தத் தந்தையிடம் சொன்னேன். "அதெல்லாம் சிந்து, ஆச்சி" என்றார். அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பது இன்னும் விளங்கவில்லை.

பயிற்சியாளர் தம்பி பொறுமைசாலி. கையைவிடக் காலைத் திருத்துகிறார், அது சரியான வரிசை. அவருடைய குறை, பிள்ளைகளுக்கு எதிரே நிற்க வலுவான ஆள் இல்லாதது. ஒற்றையர் பெண்ணுக்குத் தன்னைவிட வேகமாக அடிக்கிறவர் எதிரே வேண்டும். பெரிய அகாதெமிகளில் ஆண் ஆட்டக்காரர்களை நிறுத்துவது அதனால்தான். இங்கே காலை நேரத்தில் கல்லூரி மாணவர் ஒருவரைத் தனியாகப் பணம் கொடுத்து வாரத்தில் சில நாள் வரச் சொல்கிறோம். நான்கு வீடுகள் பங்குபோட்டுக் கொடுத்தால் பெரிய சுமை இல்லை.

ஷட்டில் விஷயத்தில் அரங்கு கஞ்சத்தனம் காட்டுகிறது, முழுத் தப்பும் அவர்கள்மேல் இல்லை. நல்ல இறகு ஷட்டில் ஒன்றில் 16 இறகுகள், எல்லாம் வாத்து அல்லது தாராவின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவை, எடை 4.74 முதல் 5.50 கிராமுக்குள் இருக்க வேண்டும். விலை ஏறிக்கொண்டே போகிறது. அதனால் பயிற்சிக்கு நைலான். சனிக்கிழமை மட்டும் இறகு, அதுவும் மாலை ஆட்டக்காரர்கள் கழித்துப்போட்டது. நைலான் போகும் வேகமும் விழும் விதமும் வேறு. போட்டியில் இறகுதான் என்பதால், போட்டிக்கு முந்தைய வாரமாவது புது இறகு ஷட்டில் ஒரு குழாய் சொந்தமாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இனி, இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. வாசலை ஒட்டிய சிறு அறையில் மட்டைக்கு நரம்பு கட்டுகிற ஓர் இளைஞர் இருக்கிறார். காரைக்குடியில் இப்படி ஒருவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். முன்பெல்லாம் நரம்பு அறுந்தால் மதுரைக்கு அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்போம். இவர் மட்டையை வாங்கியதும் முதலில் பார்ப்பது அறுந்த இடம். "நடுவில் அறுந்திருந்தால் தேய்மானம், ஓரத்தில் அறுந்திருந்தால் பிள்ளை தப்பாக அடிக்கிறாள், சாரிடம் சொல்லுங்கள்" என்பார். அறுந்த மட்டையை அப்படியே விட்டால் சட்டம் கோணிவிடும் என்று, மற்ற நரம்புகளையும் உடனே வெட்டிவிடச் சொல்லிக் கொடுத்தார். பேத்தி டிவியில் பார்த்துவிட்டு 28 பவுண்டு இறுக்கத்தில் நரம்பு கட்டச் சொன்னாள். "தோள் போய்விடும் பாப்பா, 22 போதும்" என்று மறுத்துவிட்டார். அதிகம் கட்டினால் நரம்பு சீக்கிரம் அறும், அவருக்குத்தான் வருமானம். கூலி 150 ரூபாய், நரம்பு தனி. காலையில் கொடுத்தால் மாலையில் கிடைக்கும்.

உரிமையாளர் சரிசெய்தவற்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாமல், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் காவல் நிற்க வேண்டியிருந்தது. சொன்ன வாரமே போட்டுவிட்டார். இன்னொன்று சுவரில் இருந்த படங்கள். சிந்து, சாய்னா, சீனாவின் லின் டான் ஆகியோரை மாட்டியிருந்தார். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் எங்கே என்று கேட்டேன், விழித்தார். பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024-இல் கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்.யு.5 பிரிவு பெண்கள் ஒற்றையரில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, அதே பிரிவில் மனிஷா ராமதாஸுக்கு வெண்கலம், உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்.எச்.6 பிரிவில் நித்யஸ்ரீ சிவனுக்கு வெண்கலம். ஒரே போட்டியில், அதுவும் ஒற்றையரில், தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பதக்கத்தோடு திரும்பியிருக்கிறார்கள். மூவரின் படங்களும் இப்போது நுழைவாயிலுக்கு நேரே தொங்குகின்றன. ஆனால் அந்த நுழைவாயிலில் மூன்று படிகள், பக்கத்தில் ஒரு சாய்தளம் கிடையாது. அதையும் சொல்லியிருக்கிறேன்.

கட்டணம்: களத்துக்கு மணிக்குக் காலையில் 250, மாலையில் 300 ரூபாய். பயிற்சி மாதம் 2,000. வண்டி நிறுத்த இடம் தாராளம். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். தொலைபேசியில் பதிவு செய்யும்போது "காலை நேரம், இரண்டாம் களம், முழுக் களம்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் "ஒரு கோர்ட் வேண்டும்" என்றால் சிமெண்டுத் தரையைத்தான் கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டம் குறைவு.